சொந்த டீம்காரரையே முந்தலாமா? சைக்கிள் ரசிகர்களை இரண்டாகப் பிரித்த அங்லிரு மலை... 2023 வுயெல்டாவில் நடந்தது என்ன?

சைக்கிள் பந்தயம்தானே, யார் வேகமா மிதிக்கிறாங்களோ அவங்க ஜெயிக்கப் போறாங்க. இதுல என்ன டீம், என்ன வியூகம்? முதல் தடவை பார்க்கிற எல்லாருமே இதைத்தான் கேட்பார்கள். ஆனால் ஐரோப்பாவில் சைக்கிள் ரசிகர்கள் வருஷக்கணக்கில் சண்டை போடுவது யார் வேகம் என்பதைப் பற்றி அல்ல. யாருக்காக யார் மிதிக்க வேண்டும் என்பதைப் பற்றித்தான்.

அப்படி ஒரு சண்டைக்கு நல்ல உதாரணம், 2023-ல் ஸ்பெயினில் நடந்த வுயெல்டா அ எஸ்பான்யா. மூன்று வாரப் பந்தயம். முதல் இடத்தில் இருந்தவரைத் துரத்தியது எதிரணி இல்லை. அவருடைய சொந்த டீமில் இருந்த இரண்டு பேர்! அது எப்படி நடந்தது, அதில் யார் பக்கம் நியாயம், ரசிகர்கள் ஏன் கொந்தளித்தார்கள்? விளக்கமாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு அடிப்படை

உலகில் மூன்று வாரம் நடக்கும் பெரிய சைக்கிள் பந்தயங்கள் மூன்றே மூன்றுதான். மே மாதம் இத்தாலியில் ஜிரோ, ஜூலையில் பிரான்ஸில் டூர் டி பிரான்ஸ், அதன் பிறகு ஸ்பெயினில் வுயெல்டா. ஒவ்வொன்றிலும் 21 கட்டங்கள், அதாவது 21 நாள் பந்தயம். தினமும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டிக்கொண்டே வருவார்கள். மொத்த நேரம் யாருக்குக் குறைவோ அவருக்குத்தான் தலைமைச் சட்டை. டூரில் மஞ்சள், ஜிரோவில் பிங்க், வுயெல்டாவில் சிவப்பு.

ஒரு டீமில் எட்டு பேர். கோப்பை ஒருத்தருக்குத்தான். அப்போ மற்ற ஏழு பேர் எதற்கு?

காற்றுக்காக. லாரிக்குப் பின்னால் ஒட்டி மொபெட்டில் போனவர்களுக்கு இது தெரியும். முன்னால் போகிற வண்டி காற்றைக் கிழித்துக்கொடுக்கும், பின்னால் வருகிறவருக்கு வண்டி தானாக ஓடுகிற மாதிரி இருக்கும். சமதளத்தில் 40 கி.மீ. வேகத்துக்கு மேல் போகும் சைக்கிள் வீரர், இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் சுமார் மூன்றில் ஒரு பங்கு சக்தி மிச்சம். மூன்று வாரத்துக்கு இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தலைவரைக் காற்றில் இருந்து காப்பாற்றுவது, கார் வரை பின்னால் போய் தண்ணி பாட்டில் வாங்கி வந்து கொடுப்பது, அவர் டயர் பஞ்சரானால் தன் சைக்கிளையே கழற்றிக் கொடுப்பது, மலையில் முன்னால் நின்று வேகம் கொடுத்து எதிரிகளைக் களைப்பாக்குவது எல்லாம் இந்த ஏழு பேர் வேலை.

இவர்களுக்கு பிரெஞ்சில் 'டொமெஸ்டிக்' என்று பெயர். வேலைக்காரர் என்று அர்த்தம். நம்ம ஊர் வார்த்தையில் எடுபிடி. கேட்க ஒரு மாதிரி இருந்தாலும் அந்த உலகில் இது மரியாதையான பட்டம். நல்ல எடுபிடி இல்லாமல் எந்தச் சாம்பியனும் இல்லை.

யார் இந்த செப் குஸ்?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் டுராங்கோ என்ற மலை ஊர்க்காரர். மலை ஏறுவதில் உலகின் டாப் எடுபிடிகளில் ஒருவர். நெதர்லாந்தைச் சேர்ந்த ஜம்போ-விஸ்மா டீமில், ஸ்லோவேனியாவின் பிரிமோஷ் ரோக்லிச், டென்மார்க்கின் யோனாஸ் விங்கெகோர் என இரண்டு பெரிய தலைகளுக்கும் மலையில் வழி விட்டவர் இவர்தான்.

2023-ஐ மட்டும் எடுத்துக்கோங்க. மே மாதம் ஜிரோவில் ரோக்லிச் வெற்றி. வித்தியாசம் வெறும் 14 விநாடி. கூட இருந்தவர் குஸ். ஜூலையில் டூர் டி பிரான்ஸில் விங்கெகோர் வெற்றி. அங்கேயும் மலைகளில் முன்னால் மிதித்தவர் குஸ். டூர் முடிய ஒரு நாள் இருக்கும்போது கீழே விழுந்து, முகத்தில் ரத்தத்தோடு கோட்டைத் தொட்டார். அதே மனிதர் ஆகஸ்ட்டில் வுயெல்டாவுக்கும் வந்தார். ஒரே வருஷத்தில் மூன்று பெரிய பந்தயம். பெரும்பாலான வீரர்கள் இரண்டோடு நிறுத்திக்கொள்வார்கள்.

வந்தது யாருக்காக? ரோக்லிச், விங்கெகோர் இருவரும் இணைத் தலைவர்கள். அவர்களுக்கு வேலை செய்ய.

சட்டை குஸ் கைக்கு வந்த கதை

6-வது கட்டம். ஹவலாம்ப்ரே மலையில் இருக்கும் வானியல் ஆய்வு மையத்தில் முடியும் ஏற்றம். அன்று ஒரு பெரிய கும்பல் முன்னாடியே பிரிந்து ஓடியது. அதில் குஸ்ஸையும் அனுப்பியது ஜம்போ. இது பழைய தந்திரம்தான். உன் ஆள் முன்னால் இருந்தால் எதிரி டீம்தான் துரத்தி சக்தியை வீணாக்க வேண்டும், நீ பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். முந்தைய வருஷ சாம்பியன், பெல்ஜியத்தின் ரெம்கோ எவனபூலுக்குத்தான் அந்த நெருக்கடி.

ஆனால் தந்திரம் தேவைக்கு அதிகமாகவே வேலை செய்தது. குஸ் அந்தக் கட்டத்தையே வென்றார். பெரிய பெயர்கள் எல்லாரையும்விட இரண்டு நிமிடத்துக்கு மேல் லாபம். இரண்டு நாள் கழித்து, 8-வது கட்டத்தில் சிவப்புச் சட்டை அவர் உடம்பில் இருந்தது. எடுபிடிக்கு எல்லாம் ரெண்டு நாள் சட்டை கிடைப்பது புதுசு இல்லை. அடுத்த பெரிய மலையில் தலைவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

10-வது கட்டம், தனியாக ஓட்டும் டைம் ட்ரயல். அது குஸ்ஸின் பலவீனம். அங்கேயே சட்டை போய்விடும் என்றார்கள். போகவில்லை.

டூர்மலே: தந்திரம் சரியாக வேலை செய்த நாள்

13-வது கட்டம் பிரான்ஸ் எல்லைக்குள், பிரெனே மலைத்தொடரின் டூர்மலே உச்சியில் முடிந்தது. அன்று எவனபூல் முழுசாக உடைந்துபோய் 27 நிமிடம் இழந்தார். பட்டக் கனவு காலி. (மறுநாளே தனியாகப் போய் ஒரு கட்டத்தை வென்றார், அது வேற கதை.)

இறுதி ஏற்றத்தில் விங்கெகோர் தனியாகத் தாக்கினார். இப்போ எதிரிகள் நிலைமையை யோசிங்க. துரத்தினால், சக்கரத்துக்குப் பின்னாலேயே குஸ்ஸும் ரோக்லிச்சும் ஓசியில் வருவார்கள், கடைசியில் ஃப்ரெஷ்ஷாக முந்துவார்கள். துரத்தாவிட்டால் விங்கெகோர் போய்விடுவார். எப்படிப் போனாலும் அடி. அதேதான் நடந்தது. விங்கெகோர் முதல், குஸ் இரண்டு, ரோக்லிச் மூன்று. மொத்தப் பட்டியலிலும் முதல் மூன்று இடமும் ஜம்போவுக்கே.

ஒரு டீமில் பல தலைவர்கள் இருந்தால் கிடைக்கும் லாபத்துக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. சட்டை போட்டவர் எதையும் இழக்கவில்லை. எதிரிக்கு மட்டும்தான் நஷ்டம்.

ஆனா இங்கேதான் ஒரு சிக்கல் முளைக்கிறது. எதிரிகள் எல்லாரும் தோற்றுப்போன பிறகு அந்தத் தந்திரம் யாருக்கு எதிராக?

இரண்டு நாளில் தலைகீழ்

இரண்டாவது ஓய்வு நாள் முடிந்து 16-வது கட்டம், பெஹெஸ். நீளம் குறைவு, ஆனா செங்குத்தான ஏற்றம். விங்கெகோர் மறுபடியும் தாக்கினார். 1 நிமிடம் 44 விநாடியாக இருந்த குஸ்ஸின் முன்னிலை ஒரே நாளில் 29 விநாடியாகச் சுருங்கியது. அன்று காலை அவர்களுடைய டீம்மேட் நேதன் வான் ஹூய்டாங்க் பெல்ஜியத்தில் உடல்நிலை பாதிக்கப்பட்டு, கார் விபத்தில் சிக்கி மருத்துவமனையில் இருந்தார். அவருக்காகத்தான் ஓட்டினேன் என்று விங்கெகோர் சொன்னதால் அன்று பெரிதாக யாரும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் செப்டம்பர் 13. அங்லிரு. அஸ்தூரியாஸ் பகுதியில் இருக்கும் இந்த மலையின் பெயரைக் கேட்டாலே வீரர்களுக்கு வயிறு கலங்கும். 12.4 கி.மீ. ஏற்றம், ஓர் இடத்தில் சரிவு 23.5 சதவீதம். 100 மீட்டர் நகர்ந்தால் இருபத்து மூன்றரை மீட்டர் மேலே போயிருப்பீர்கள். மாடிப்படியில் சைக்கிள் மிதிப்பது மாதிரி.

குஸ்ஸுக்கு அன்று 29-வது பிறந்தநாள்.

உச்சிக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது ரோக்லிச் வேகம் கூட்டினார். விங்கெகோர் அவர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். குஸ்ஸால் முடியவில்லை. சிவப்புச் சட்டை பின்தங்கிப் போனது. முன்னால் போனவர்கள் இருவருமே அவருடைய டீம். அவருக்குத் துணையாக அந்த நேரத்தில் இருந்தது யார் தெரியுமா? எதிரணியான பஹ்ரைன் விக்டோரியஸின் மிகெல் லாண்டா! லாண்டாவின் சக்கரத்தைப் பிடித்துத்தான் குஸ் மேலே வந்து சேர்ந்தார்.

கணக்கு இதோ: ரோக்லிச் முதல், விங்கெகோர் அதே நேரத்தில் இரண்டாவது, 19 விநாடி கழித்து குஸ் மூன்றாவது. கட்டத்தில் முதல் மூன்று பேருக்கு முறையே 10, 6, 4 விநாடி போனஸாகக் கழிப்பார்கள். ஆக விங்கெகோருக்கு லாபம் 19 விநாடியோடு போனஸ் வித்தியாசம் 2 விநாடி. மொத்தம் 21. முன்னிலை 29-ல் இருந்து 8 விநாடி. லாண்டாவை முந்தி குஸ் எடுத்த அந்த 4 விநாடி போனஸ் இல்லாவிட்டால் அது வெறும் 4 விநாடியாக இருந்திருக்கும்.

பதினேழு கட்டம் ஓட்டிவிட்டு 8 விநாடி. அதுவும் சொந்த டீம்காரரிடம் இருந்து.

ரசிகர்கள் என்ன சொன்னார்கள்?

அன்று மாலையே சமூக வலைதளங்கள் பற்றி எரிந்தன. 'ஜிசி குஸ்' என்ற ஹேஷ்டேக்கோடு குஸ்ஸுக்கு ஆதரவு குவிந்தது. (ஜிசி என்றால் மொத்த நேரப் பட்டியல்.) அவர்கள் வாதம் நேரடியானது. இந்த மனிதன் அந்த இருவருக்கும் வருஷக்கணக்கில் உழைத்தவன். இந்த வருஷமே ஆளுக்கு ஒரு கோப்பை வாங்கிக் கொடுத்தவன். ஒரே ஒரு தடவை அவனுக்கு வாய்ப்பு வந்தால், அதையும் பிடுங்குவீர்களா?

எதிர்த்தரப்பும் சும்மா இல்லை. இது போட்டி, நன்றிக்கடன் தீர்க்கும் இடம் இல்லை. யாருக்கு பலம் அதிகமோ அவர் ஜெயிக்கட்டும். விட்டுக்கொடுத்து வாங்கிய கோப்பைக்கு என்ன மதிப்பு? 6-வது கட்டத்தில் எதிரிகள் குஸ்ஸைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாததால்தானே அந்த நேரமே அவருக்குக் கிடைத்தது?

இந்த வாதத்தில் ஒரு தொழில்நுட்ப நியாயமும் இருக்கிறது, அதைப் பலரும் கவனிக்கவில்லை. காற்றுக்குப் பின்னால் ஒளிவதெல்லாம் வேகமாகப் போகும்போதுதான். 20 சதவீதச் சரிவில், ஆள் ஓடுகிற வேகத்தில் ஏறும்போது அந்த லாபம் கிட்டத்தட்ட பூஜ்யம். விங்கெகோர் காத்திருந்தாலும் குஸ்ஸுக்குப் பெரிய பலன் இருந்திருக்காது. அங்லிரு மாதிரி மலையில் அவரவர் பலத்துக்கு அவரவர் ஏறுவதுதான் வழக்கம்.

சரி, அப்போ டீம் செய்தது சரியா? பலன் யாருக்கு என்று பார்த்தால் பதில் கிடைக்கும் என்பது நம்ம கருத்து. அந்த இருவரும் மெதுவாகப் போயிருந்தால் கட்டத்தை லாண்டா வென்றிருக்கலாம், அவ்வளவுதான். பட்டம் எப்படியும் ஜம்போவுக்குத்தான் போகப் போகிறது. டூர்மலேயில் விங்கெகோர் தாக்கியபோது எதிரி திணறினான். அங்லிருவில் அதே தாக்குதலால் நேரம் இழந்தவர்களில் முக்கியமானவர், சட்டை போட்டிருந்த சொந்த ஆள். எதிரி இல்லாத இடத்தில் சுட்ட துப்பாக்கி அது. ஆனா ரோக்லிச் பக்கம் இருந்து யோசித்தால், மூன்று முறை வுயெல்டா வென்றவர், நான்காவதை வென்று சாதனையைச் சமன் செய்யும் வாய்ப்பைச் சும்மா விட வேண்டும் என்று யாரும் ஒப்பந்தத்தில் எழுதவில்லை. டீம் நிர்வாகம்தான் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் வண்டி ரூட் மாறியது

18-வது கட்டத்தில் காட்சியே வேறு. விங்கெகோரும் ரோக்லிச்சும் குஸ்ஸுக்குக் காவல் காத்தார்கள். செப் ஜெயித்தால் எனக்கும் சந்தோஷம் என்ற தொனியில் விங்கெகோர் பேசினார். ரோக்லிச் மட்டும் இந்த முடிவில் தனக்கு வேறு எண்ணம் உண்டு என்பதை மறைக்கவில்லை. குஸ்ஸோ கடைசி வரை யாரையும் குறை சொல்லவில்லை. அன்று கோட்டை விங்கெகோருக்கு 9 விநாடி முன்னதாகத் தொட்டார். முன்னிலை 8-ல் இருந்து 17 விநாடி.

ரசிகர்களின் கொந்தளிப்புதான் டீமின் மனதை மாற்றியதா? அதை டீமுக்கு உள்ளே இருந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு ஸ்பான்சர் பெயரை நெஞ்சில் போட்டு ஓடும் விளையாட்டில், உலகமே நல்லவன் என்று கொண்டாடும் ஆளை வீழ்த்தி ஜெயிப்பது நல்ல விளம்பரம் இல்லை என்பது புரிய பெரிய அறிவு தேவை இல்லை.

செப்டம்பர் 17, மாட்ரிட். குஸ் முதல். 17 விநாடியில் விங்கெகோர். 1 நிமிடம் 8 விநாடியில் ரோக்லிச். நான்காவது வந்த ஸ்பெயினின் ஹுவான் அயுசோ மூன்று நிமிடத்துக்கு மேல் பின்னால். ஒரே வருஷத்தில் மூன்று பெரிய பந்தயங்களையும் வென்ற முதல் டீம் என்ற சாதனை ஜம்போவுக்கு. அதுவும் மூன்று வெவ்வேறு வீரர்களை வைத்து. மூன்றிலும் ஓடிய ஒரே ஆள் குஸ்.

இதற்கு முன்னாடியும் நடந்திருக்கா?

நிறைய. 1985-ல் அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட் தன் தலைவர் பெர்னார் இனோவுக்காக அடங்கி ஓட்டினார், இனோ ஐந்தாவது டூர் வென்றார். அடுத்த வருஷம் உனக்கு உதவுவேன் என்று வாக்குக் கொடுத்தார் இனோ. 1986 வந்ததும் முதல் வேலையாக லெமாண்ட்டைத் தாக்கினார். ஆல்ப் டுவெஸ் மலை உச்சியில் இருவரும் கைகோத்துக் கோட்டைத் தாண்டிய படம் உலகப் புகழ். பார்த்தவர்கள் சமாதானம் என்று நினைத்தார்கள். போட்டி இன்னும் முடியவில்லை என்று உடனே டிவியில் சொன்னார் இனோ! கடைசியில் லெமாண்ட்தான் ஜெயித்தார்.

1987 ஜிரோ இன்னும் மோசம். பிங்க் சட்டையில் இருந்த இத்தாலியின் ரோபர்ட்டோ விசென்டினியை, அதே டீமின் அயர்லாந்துக்காரர் ஸ்டீபன் ரோச் சப்பாடா செல்லும் கட்டத்தில் தாக்கி சட்டையைப் பறித்தார். நிறுத்தச் சொல்லி டீம் கட்டளையிட்டும் கேட்கவில்லை. அதன் பிறகு இத்தாலிய ரசிகர்கள் சாலையோரம் நின்று ரோச் மீது துப்பினார்கள். அவர் அந்த ஜிரோவையும், அதே வருஷம் டூரையும், உலக சாம்பியன் பட்டத்தையும் வென்றார்.

2012 டூரில் பிராட்லி விக்கின்ஸ் மஞ்சள் சட்டையில். அவர் எடுபிடி கிறிஸ் ஃப்ரூம் ஒரு மலையில் முன்னால் பாய்ந்தார், ரேடியோவில் கட்டளை வந்ததும் நின்று காத்திருந்தார். ஃப்ரூம்தான் பலசாலி என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. மறு வருஷம் ஃப்ரூம் டூரை வென்றார்.

எதிரிகளே முறைத்துக்கொண்டால்?

டீமுக்குள் சண்டை என்றால் குஸ் கதை. இரண்டு எதிரிகள் முறைத்துக்கொண்டு மூன்றாவது ஆளுக்குப் பட்டத்தைத் தூக்கிக் கொடுத்த கதை 2025 ஜிரோ. இதுவும் ரசிகர்கள் இன்னும் விடாத விவாதம்தான்.

கடைசிக்கு முந்தைய நாள், ஃபினெஸ்ட்ரே மலை. பிங்க் சட்டையில் மெக்சிகோவின் 21 வயது இசாக் டெல் டோரோ. இரண்டாவது ஈக்வடாரின் ரிச்சர்ட் கரபாஸ், மூன்றாவது பிரிட்டனின் சைமன் யேட்ஸ். யேட்ஸ் தாக்கிப் பிரிந்து போனார். டெல் டோரோவுக்கு கரபாஸ்தான் எதிரி என்று கணக்கு, அவர் சக்கரத்தை விட்டு அசையவில்லை. உன்னை நான் ஏன் இழுத்துப் போகணும் என்று கரபாஸும் துரத்துவதைக் குறைத்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, யேட்ஸ் போய்க்கொண்டே இருந்தார். மலைக்கு அந்தப் பக்கம் அவருடைய டீம்மேட் வவுட் வான் ஆர்ட் முன்கூட்டியே போய்க் காத்திருந்தார். சமதளத்தில் இழுத்துச் செல்ல அவரைவிட நல்ல ஆள் கிடையாது. 3 நிமிடம் 56 விநாடி வித்தியாசத்தில் ஜிரோ யேட்ஸுக்கு. 2018-ல் அதே ஃபினெஸ்ட்ரேயில்தான் அவர் பிங்க் சட்டையை இழந்திருந்தார்.

வான் ஆர்ட்டை முன்னால் அனுப்பியது, ஹவலாம்ப்ரேயில் குஸ்ஸை அனுப்பிய அதே டீம். பெயர் மட்டும் இப்போது விஸ்மா-லீஸ் எ பைக்.

குஸ் இப்போ என்ன செய்கிறார்?

2023 சீசன் முடிந்ததும் ரோக்லிச் வேறு டீமுக்குப் போய்விட்டார். 2024-ல் தன் நான்காவது வுயெல்டாவையும் வென்றார். விங்கெகோர் அதே டீமில் தொடர்ந்து, 2025 வுயெல்டாவை வென்றார். அந்த டீமில் மலை ஏற்றங்களில் அவருக்கு முன்னால் நின்று மிதித்துக் கொடுத்தவர்களில் ஒருவர், செப் குஸ்.